வெனிஸ் விடுதிகளில் சொல்லப்படும் ‘இலவச’ முரானோ படகு: ஓர் எச்சரிக்கை

வெனிஸ் நகருக்குச் செல்பவர்கள், குறிப்பாக வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், தங்கும் விடுதியில் “முரானோ தீவுக்கு இலவசப் படகு இருக்கிறது, ஏற்பாடு செய்யட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படகுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது தீவைச் சுற்றிப் பார்ப்பதற்கான படகு அன்று. ஒரு கண்ணாடிப் பட்டறையின் விற்பனைக்கூடத்துக்கு ஆள் சேர்க்கும் படகு. பொருள் வாங்காதவர்களுக்குத் திரும்பி வரும் வழி என்ன என்பதை ஏறும்போது யாரும் சொல்வதில்லை.

இந்த வலை ஏன் இவ்வளவு எளிதாக விரிகிறது என்றால், அந்த ஊரின் அமைப்பு அப்படி. பியாத்சாலே ரோமா என்னும் சதுக்கத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காரும் இல்லை, பேருந்தும் இல்லை, நடக்க வேண்டும் அல்லது படகேற வேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றில் படியேறி இறங்க வேண்டும். வாப்பரெட்டோ என்று அழைக்கப்படும் பொதுப் படகில் 75 நிமிடப் பயணச்சீட்டு ஒன்றுக்கு 9.50 யூரோ வாங்குகிறார்கள். நான்கு பேர் தனித்தனிச் சீட்டு எடுத்து முரானோவுக்குப் போய்த் திரும்பினால் 76 யூரோ. முட்டு வலியுள்ள அப்பாவையும் அம்மாவையும் அழைத்துச் சென்றிருந்த எங்களிடம், விடுதி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் படகு, அதுவும் இலவசம் என்று வரவேற்பாளர் சொன்னது பெரிய உதவியாகவே தோன்றியது. “அங்கே எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லையே?” என்று என் மனைவி இரண்டு முறை கேட்டார், “இல்லவே இல்லை, பார்த்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்” என்று இரண்டு முறையும் பதில் வந்தது.

வந்தது மரப்பலகை பளபளக்கும் அழகான விசைப்படகு. எங்களோடு வேறொரு நாட்டிலிருந்து வந்த வயதான தம்பதியும் ஏறினர். படகு பொதுப் படகுத்துறை எதிலும் நிற்காமல், பட்டறைக்குச் சொந்தமான தனித்துறையில் போய் நின்றது. உள்ளே உலைக்கு முன் ஒரு கைவினைஞர் ஊதுகுழலில் கண்ணாடிக் குழம்பை எடுத்து, இடுக்கியால் இழுத்தும் கிள்ளியும் ஓரிரு நிமிடங்களில் ஒரு குதிரையைச் செய்து நிறுத்தினார். அந்தக் கைத்திறனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தீ விபத்துக்கு அஞ்சி 1291ஆம் ஆண்டிலேயே வெனிஸின் கண்ணாடி உலைகளை இந்தத் தீவுக்கு மாற்றினார்கள், அத்தனை நூற்றாண்டுப் பழக்கம் அந்த விரல்களில் தெரிந்தது. ஆனால் செய்முறை விளக்கம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதன்பின் மாடியில் உள்ள விற்பனைக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, குடும்பத்துக்கு ஒருவர் என்று விற்பனையாளரைக் கூடவே அனுப்பினார்கள். எந்தப் பொருளிலும் விலைச்சீட்டு இல்லை. படம் எடுக்கக் கூடாது. பொன் விளிம்பு வைத்த ஆறு கோப்பைகளை அம்மா சற்று நேரம் பார்த்ததுதான் தாமதம், எங்கள் விற்பனையாளர் ஒரு கோப்பையை எடுத்துப் பேனாவால் தட்டி ஓசை காட்டினார். பிறகு சிறு தாளில் 1,800 என்று எழுதி, உடனே அடித்துவிட்டு 900 என்று எழுதினார். நாங்கள் பேசாமல் நிற்பதைப் பார்த்து அதையும் அடித்து 650 என்று எழுதி, “விடுதியின் விருந்தினர் என்பதால், இன்றைக்கு மட்டும்” என்றார். கேட்காமலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் விலை முதலில் எதைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்று தெரியவில்லை. அதற்குள் எங்களோடு வந்த தம்பதி கடன் அட்டையை நீட்டிவிட்டிருந்தனர்.

வேண்டாம் என்று நாங்கள் உறுதியாகச் சொன்ன நொடியில் அவர் முகம் மாறியது. படகு எங்கே என்று கேட்டதற்கு, அது வேறு விருந்தினரை அழைத்துவரப் போயிருக்கிறது என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். ஆனால் பொருள் வாங்கிய தம்பதியை அதே துறையில் அதே படகில் ஏற்றியதை நாங்கள் சன்னல் வழியாகப் பார்த்தோம். எங்களைப் பின்வாசல் வழியாகச் சந்துக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். வெயிலில் அப்பா நின்று நின்று நடந்து ஃபாரோ படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார். நான்கு சீட்டுக்கு 38 யூரோ கொடுத்து வெனிஸ் திரும்பினோம். மாலையில் வரவேற்பாளரிடம் முறையிட்டபோது, “படகு பட்டறையுடையது, அதற்கும் விடுதிக்கும் தொடர்பில்லை” என்று சொல்லிவிட்டுக் கணினியைப் பார்க்கத் தொடங்கினார். ஆள் அனுப்பும் விடுதிகளுக்கு விற்பனையில் தரகு போவது வெனிஸில் ஊரறிந்த வழக்கம் என்பதை அதன்பிறகே அறிந்தோம்.

முரானோவுக்குப் போக இந்தத் தயவு தேவையே இல்லை. நகரின் வடகரையில் உள்ள ஃபொந்தமேன்தே நோவே துறையிலிருந்து 4.1, 4.2 எண் வாப்பரெட்டோக்கள் இடையில் கல்லறைத் தீவான சான் மிக்கேலேயைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் முரானோ கொலோன்னா துறையை அடைகின்றன. ஒரே நாளில் பல முறை படகேறுவீர்கள் என்றால் 25 யூரோவுக்குக் கிடைக்கும் 24 மணி நேரச் சீட்டு கட்டுப்படியாகும். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் துறையில் உள்ள கருவியில் சீட்டை வைத்துப் பதிவுசெய்ய மறக்காதீர்கள். பதியாத சீட்டுக்கு அபராதம் உண்டு. தீவில் 1861இல் தொடங்கப்பட்ட கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பெயரிலேயே ‘மூசேயோ’ என்று ஒரு துறையும் இருக்கிறது. முட்டு வலிக்காரர்கள் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

கண்ணாடி வாங்கத்தான் வேண்டும் என்றால், விலைச்சீட்டு ஒட்டியிருக்கும் கடையில் நுழையுங்கள். தீவில் செய்யப்பட்ட பொருளுக்கென வெனெத்தோ மாநிலம் 1994இல் சட்டம் போட்டு உருவாக்கிய ‘வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ’ என்ற முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே இப்படிப்பட்ட இலவசப் படகில் போய் வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு: விற்பனை நோக்கில் வணிகரே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவின்போது நடக்கும் விற்பனையை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறை, கடைக்கு வெளியே நடந்த விற்பனையாகவே கருதுகிறது, அத்தகைய விற்பனையைக் காரணம் சொல்லாமல் கைவிடக் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. ரசீதை வைத்துக்கொண்டு, படகை ஏற்பாடு செய்தது யார் என்பதைக் குறிப்பிட்டு, பட்டறைக்கு எழுத்து மூலமாகவே தெரிவியுங்கள். பணம் அட்டையில் செலுத்தியதென்றால் அதே கடிதத்தின் நகலை உங்கள் வங்கிக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள்.