வழியில் கார் நின்றால் நாய்களை எதில் ஏற்றுவது?

சித்திரை மாதம், நண்பகல் தாண்டிய நேரம். நாகர்கோவிலில் இருந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நாங்குநேரி கடந்து மூன்றடைப்பை நெருங்கும்போது காரின் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரம் கட்டிப் பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி. ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது. என்னோடு என் தங்கை மகன். பின் இருக்கையில் செவலை என்ற மூன்று வயதுச் சிப்பிப்பாறை இன நாய், அவளுக்குத் துணையாகப் பதினொரு வயது லாப்ரடார் மணி.

அன்று வந்து நின்றவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: வண்டியை எப்படிக் கொண்டுபோகப் போகிறீர்கள்? நானும் முதல் கால் மணி நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அது தவறு. கார் இரண்டு நாள் கூட அங்கேயே நிற்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. நாய்க்கு அந்த வெயிலில் அரை மணி நேரம் கூடக் கிடையாது. ஆகவே காருக்கு ஒரு வழி, நாய்க்கு ஒரு வழி என்று இரண்டையும் பிரித்துவிட வேண்டும். கீழே ஒவ்வொரு வழியையும் எடைபோடுவது நாய்க்கு எது நல்லது என்பதை மட்டும் வைத்துத்தான்.

ஏசி நின்ற கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் வெளிச்சூட்டைவிட ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். அரை மணி நேரத்தில் 19 டிகிரி வரை ஏறும். கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. நாயின் இயல்பான உடற்சூடு 38 முதல் 39 டிகிரி சொச்சம். அது 41 டிகிரியை எட்டினால் உயிருக்கே ஆபத்து. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது அதற்கு. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. மூச்சிரைக்கும் காற்றே கொதித்தால் அதற்கு வேறு வழி இல்லை. எனவே முதலில் இறக்க வேண்டும். ஆனால் சங்கிலி மாட்டிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும், அதுவும் சாலைக்கு எதிர்ப்பக்கக் கதவை.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களை வளர்ப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சொல். இவற்றின் தலை கழுத்தைவிடக் குறுகலானது. சாதாரணக் கழுத்துப் பட்டையில் இருந்து பின்வாங்கி ஒரு உருவு உருவினால் வெளியே வந்துவிடும். நாற்கரச் சாலையில் லாரி ஹாரன் அடித்தால் அந்த உருவலுக்கு ஒரு நொடி போதும். பிறகு அது ஓடுகிற ஓட்டத்தை எந்த மனிதனாலும் தொடர முடியாது. நெஞ்சைச் சுற்றிய பாடி பெல்ட்டும் கழுத்துப் பட்டையும் சேர்த்து மாட்டி, இரண்டிலும் கயிறு கோத்து வைப்பதுதான் பாதுகாப்பு. இரண்டு நாய்களை ஒரே சங்கிலியில் பிணைப்பது கூடவே கூடாது.

நிழலைத் தேடிப் போவதற்கு முன் புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைத்துப் பார்க்க வேண்டும். நம்மால் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. சாலையை விட்டு இறங்கினால் நம் சீமையில் வேறு தொல்லை: உடைமுள். வெள்ளை ஊசி போல விரல் நீளம் இருக்கும். செவலையின் முன்னங்காலில் ஒன்று இறங்கி, விரலிடுக்கில் ஒரு சொட்டு ரத்தம் கட்டி நின்றது. அவள் கத்தவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். மணியைத் தூக்கிச் சுமக்க முடியாத எடை என்பதால், காரில் கிடந்த என் சாரத்தை (லுங்கியை) நாலாக மடித்துத் தரையில் போட்டுப் போட்டு, அதன்மேல் நடத்தியே முந்நூறு அடி தூரத்தில் இருந்த டீக்கடை வேப்பமரத்துக்குக் கொண்டு சேர்த்தோம். கடைக்கார அண்ணாச்சி கேட்காமலே சிரட்டையில் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

இனி வண்டிகள்.

முதலில் வந்தது ரெக்கவரி வண்டி. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். காப்பீட்டோடு சாலை உதவியும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த நிறுவனமும் அனுப்பும். காருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நாய்க்கு இதைவிட மோசமான வழியும் இல்லை. "அண்ணாச்சி, நாய்கள் காருக்குள்ளேயே இருக்கட்டும், அரை மணி நேரத்தில் பாளையங்கோட்டை" என்றார் ஓட்டுநர். அன்பாகத்தான் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். மேலே ஏற்றிய காரில் ஏசி கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது, உள்ளே நாய் மயங்கி விழுந்தாலும் கீழே இருப்பவருக்குத் தெரியாது. முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வகை என்றால் கார் சாய்ந்தே போகும், உள்ளே இருக்கும் உயிர் சரிந்துகொண்டே வரும். இழுக்கப்படும் வண்டிக்குள் மனிதரும் இருக்கக் கூடாது, நாயும் இருக்கக் கூடாது. ஓட்டுநர் அறையில் இடம் இருந்து, அவரும் சம்மதித்தால், ஒரு சின்ன நாயைக் காலடியில் உட்கார வைத்துப் போகலாம். இரண்டு பெரிய நாய்களுக்கு அது நடக்காது.

அடுத்தது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. நெல்லைச் சீமையில் எந்தச் சாலையில் நின்றாலும் பத்து நிமிடத்தில் ஒன்று கடக்கும். அன்றும் களக்காட்டுப் பக்கம் இருந்து வாழைத்தார் இறக்கிவிட்டு வந்த வண்டி ஒன்று நின்றது. வாடகையும் நியாயமாகவே கேட்டார். பின்தட்டில் கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல். வாழைச் சருகு கொஞ்சம் கிடந்தது, அதன் இடைவெளியில் இரும்பு தெரிந்தது. தண்ணீர் ஊற்றிச் சாக்கு விரித்தால் சூட்டைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வேறொன்று. சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறிப் போவது சட்டப்படி குற்றம். ஆகவே நாய் மட்டும் தனியாகப் பின்னால் நிற்க வேண்டும். கழுத்துப் பட்டையில் கட்டினால், வளைவில் அது பக்கப் பலகையைத் தாண்டிக் குதிக்கும்போது தொங்கிவிடும். கட்டாமல் விட்டால் சாலையில் விழும். விலங்குக்குத் தேவையில்லாத வலி உண்டாகும்படி ஏற்றிச் செல்வதை 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்கிறது. கம்பிக் கூண்டு கையோடு இருந்து, அதை அசையாமல் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டால் குட்டியானை நல்ல வண்டிதான். கூண்டு இல்லை என்றால் ஓட்டுநர் பக்கத்தில் நீங்களும் காலடியில் ஒரு நாயும், அவ்வளவுதான் அதன் கொள்ளளவு.

ஆட்டோவைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். ஊருக்குப் பக்கத்தில், பத்துக் கிலோமீட்டருக்குள் என்றால் நான் குட்டியானையைவிட ஆட்டோவையே எடுப்பேன். காற்று நன்றாக வரும், நாய் நம் உடம்போடு ஒட்டியே இருக்கும். நம்மூர் ஆட்டோக்களில் வலப்பக்கம் கம்பி அடைத்திருக்கும், இடப்பக்கம் மட்டுமே திறப்பு. நாயை வலது ஓரத்தில் தரையில் உட்கார வைத்து, திறந்த பக்கத்தை நாம் அடைத்து உட்கார வேண்டும். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்கலாம். ஆட்டோக் கம்பியில் கட்ட வேண்டாம், சாய்ந்தால் அவிழ்க்க நேரம் இருக்காது. ஆட்டோ ஒன்றுக்குப் பெரிய நாய் ஒன்று, ஆள் ஒருவர் போதும். நாற்கரச் சாலையில் நெடுந்தூரம் என்றால் வேண்டாம், பக்கத்தில் போகும் லாரிக் காற்றே நாயை மிரட்டிவிடும்.

பஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கூடையில் அடங்கும் குட்டி என்றால் நடத்துநரின் மனதைப் பொறுத்தது. சிப்பிப்பாறையோடு படியில் கால் வைக்க முடியாது. ரயிலும் அப்படியே. நாங்குநேரியிலும் வள்ளியூரிலும் நிலையம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஏசி முதல் வகுப்பில் ஒரு தனி அறையை முழுதாகப் பிடித்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி ரயில் கார்டு பயணிக்கும் பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. அதற்கும் முன்கூட்டியே பார்சல் அலுவலகத்தில் பதிவு வேண்டும், தடுப்பூசிச் சான்று வேண்டும். திட்டமிட்ட பயணத்துக்கான ஏற்பாடு அது. வழியில் நின்றவனுக்கு ஆகாது.

வாடகைக் காரும் சொந்தக்காரர் காரும்தான் மிச்சம். வாடகைக் கார் விரைவில் வரும், ஏசி இருக்கும். ஆனால் கூப்பிடும்போதே "இரண்டு பெரிய நாய்கள்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வரவழைத்தால் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருக்கைக்கு விரிக்கப் போர்வை இருக்கிறது, நாய்களுக்கு வாய்மூடி மாட்டியிருக்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் இசைவார்கள். மூச்சிரைக்கும் நாய்க்கு இறுக்கமான வாய்மூடி ஆகாது, வாயைத் திறக்க இடம் விடும் கூடை வகைதான் சரி.

நான் தேர்ந்தெடுத்தது வள்ளியூரில் இருந்த என் மைத்துனரின் காரை. வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குட்டியானையில் ஏறியிருந்தால் அந்த நேரத்தில் வீட்டில் இருந்திருப்போம், உண்மைதான். இருந்தும் நிழலும் தண்ணீரும் கிடைத்துவிட்டால், நாய்க்குப் பழக்கமான மனிதர் ஓட்டிவரும் மூடிய வண்டிக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பதே மேல் என்று இன்றும் நினைக்கிறேன். நிழல் இல்லாத இடமாக இருந்தால் கதை வேறு: கூடவே உட்கார்ந்து போக முடிகிற முதல் வண்டியில் ஏறிவிட வேண்டும், அது எவ்வளவு பழைய ஆட்டோவாக இருந்தாலும் சரி. இரவென்றால் வெயில் கவலை இல்லை. ஓரத்தில் இறக்கி நிற்பதுதான் ஆபத்து. அப்போது கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்று, தெரிந்தவர் காருக்குக் காத்திருப்பேன்.

காத்திருந்த நேரத்தில் மணியின் நாக்கு அகன்று நுனி சுருண்டது, எச்சில் பசைபோல ஆனது, ஈறு அடர் சிவப்பு. சூடு ஏறியதன் அடையாளம் அது. வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று சாதாரணத் தண்ணீரை ஊற்றி, கடைக்காரரின் பனையோலை விசிறியால் வீசினோம். ஈரத்துண்டைப் போர்த்திவிடக் கூடாது, சூட்டை அது உள்ளேயே அடைத்துவிடும். கால் மணி நேரத்தில் மூச்சு தணிந்தது. தணியாமல் தள்ளாடியிருந்தால் வீட்டுக்குப் போகாமல் நேரே இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் வண்டியை விடச் சொல்லியிருப்பேன். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும் நோயுற்ற உயிருக்குத்தான், நலமாக இருக்கும் நாய்க்கு வண்டி கேட்பதற்கு அல்ல.

தங்கை மகன் ரெக்கவரி வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்து காரோடு போனான். நான் மைத்துனரின் பின் இருக்கையில், நாய்களுக்கு நடுவில். பாளையங்கோட்டை வந்து, தெருவில் நின்றபடி கதவைத் திறக்கப் போன மைத்துனரின் கையைப் பிடித்துவிட்டேன். வீட்டு வாசனை பட்டதுமே செவலை எழுந்து நின்றுவிட்டாள், பழகாத காரில் இருந்து பாய்வதற்கு. காரை வளவுக்குள் ஏற்றி, கேட்டைச் சாத்திக் கொண்டி போட்ட பிறகுதான் கதவைத் திறந்தோம்.