1-3 டாலர் போக்கர் மேஜை: மிரட்டி ஆடுவதா, காத்திருந்து ஆடுவதா?

சான் ஹோசேயில் வேலை, வெள்ளிக்கிழமை இரவானால் சீட்டாட்ட கிளப். அங்கே நான் ஆடுவது இருப்பதிலேயே சின்ன ஆட்டம்: 1-3 டாலர் ப்ளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் பணம்), நோ லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, மேஜையில் பொதுவாக ஐந்து, பந்தயத்துக்கு வரம்பில்லை). முதல் ஒரு வருடம் மிரட்டி ஆடினேன். கையில் எது வந்தாலும் ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது), யாராவது தயங்கினால் இன்னும் பெரிய பந்தயம். அப்புறம் மாறினேன். இப்போது ஐந்து தடவை சீட்டு வந்தால் ஒரு கைதான் ஆடுகிறேன். ஆடினால் நல்ல சீட்டோடு, பெரிதாகப் பணம் கட்டி. இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

கடைசியாகப் பேசும் இடத்தில் உட்கார்ந்தால் லாபம், குடித்துவிட்டு ஆடக்கூடாது, வாடகைப் பணத்தைக் கொண்டுபோகக்கூடாது என்பதெல்லாம் இரண்டு பாணிக்கும் பொது. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் சீட்டைக் கீழே போட்டு விலகுவாரா, மாட்டாரா?

மிரட்டல் ஆட்டத்தின் மீது எங்களுக்கெல்லாம் ஆசை வந்ததற்கு 2003 உலகப் போக்கர் போட்டி ஒரு காரணம். கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத்தில் சில்லறைக் காசு கட்டித் தகுதி பெற்று வந்து, 25 லட்சம் டாலர் ஜெயித்தார். கடைசிக் கட்டத்தில், கையில் ஒரு ஜோடிகூட இல்லாமல் வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு மொத்தச் சிப்பையும் தள்ளினார். எதிரில் சாமி ஃபார்ஹா. அவரிடம் ஒன்பதில் ஒரு ஜோடி. மேஜையில் கிடந்த சீட்டுகளோடு சேரும் ஜோடிகளில் அதுதான் பெரியது. நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கீழே போட்டுவிட்டார். எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்க்கும். ஆனால் அந்த பிளஃப் (வெறுங்கையோடு மிரட்டுவது) பலித்தது ஃபார்ஹா தொழில்முறை ஆட்டக்காரர் என்பதால்தான். அவருக்கு ஒரு ஜோடியைக் கீழே போடத் தெரியும்.

என் மேஜையில் எதிரே உட்காருபவர் தொப்பி போட்ட ஒரு பெரியவர். ஒருநாள் எனக்கு இஸ்பேட்டில் 9-8. ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) ராணி, 7, 2. அதில் இரண்டு இஸ்பேட்; இன்னொன்று வந்தால் ஐந்தும் ஒரே ஜாதி, பலமான கை. பாட்டில் (நடுவில் சேர்ந்த பணத்தில்) 30 டாலர். நான் 20 கட்டினேன், அவர் கால் (அதே தொகையைக் கட்டித் தொடர்வது). டர்னில் (நாலாவது சீட்டில்) ஒன்றும் வரவில்லை, 45 கட்டினேன், கால். ரிவரிலும் (கடைசிச் சீட்டிலும்) ஒன்றும் இல்லை. பாட்டில் 160 இருந்தது, 100 தள்ளினேன். கணக்குப்படி அந்த பிளஃப் கையைக் கடிக்காமல் இருக்க, நூறில் 39 தடவை அவர் ஃபோல்ட் செய்ய (சீட்டைக் கீழே போட) வேண்டும். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "என்கிட்ட ராணி இருக்கே" என்று சிப்பைப் போட்டார். ராணியும் ஆறும். நூறில் நாலு தடவைகூடச் சீட்டைக் கீழே போடாத ஆள்!

ரம்மியில் சீட்டு சரியில்லை என்றால் ஸ்கூட் விட்டு 20 பாயின்ட்டோடு தப்பிக்கும் புத்தி நமக்கு உண்டு. இங்கே பலருக்கு அது இல்லை. வாரம் முழுக்க உழைத்துவிட்டு விளையாட வந்திருக்கிறார்கள், ஃபோல்ட் செய்ய வரவில்லை. அதில் தப்பும் இல்லை.

சில மாதம் கழித்துக் கிட்டத்தட்ட அதே ஃப்ளாப் வந்தது, என் கையில் ஏஸ்-ராணி. அதே 20, அதே 45, அதே 100. அதே பெரியவர் மூன்றுக்கும் கால். இந்தத் தடவை பாட் என் பக்கம் வந்தது. காத்திருந்து ஆடுவதன் முழு ரகசியமும் இதுதான்: ஃபோல்ட் செய்யாத ஆளிடம் நல்ல சீட்டோடு போய், கூச்சப்படாமல் கட்ட வேண்டும். முன்பெல்லாம் நல்ல கை வந்தால் 'பயந்து ஓடிவிடுவாரோ' என்று செக் செய்வேன் (பணம் கட்டாமல் விடுவேன்). எத்தனை பணத்தை அப்படி விட்டிருக்கிறேனோ.

ஆரம்ப ரெய்ஸும் இதையொட்டித்தான். ஏஸ் ஜோடிக்கு ஒரே ஒரு எதிராளி என்றால், அவர் கையில் எது இருந்தாலும் சராசரியாக 85 சதவீதம் வெற்றி. நாலு பேர் என்றால் அது 56-க்கு இறங்கிவிடும். 9 டாலர் ரெய்ஸுக்கு இங்கே நாலு பேரும் வருவார்கள். அதனால் 18, 20 என்று கட்டுகிறேன். அப்போதும் ஒன்றிரண்டு பேர் வரத்தான் செய்கிறார்கள், அது போதும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நாலு மணி நேரமாகக் காபி குடித்துக்கொண்டு சும்மா இருந்தவர் ரிவரில் திடீரென்று ரெய்ஸ் செய்தால், அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். ஏஸ் ஜோடியானாலும் கீழே போட்டுவிடுகிறேன். வலிக்கும்.

மிரட்டல் ஆட்டத்துக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். அதில் சுவாரஸ்யம் அதிகம். மணிக்கு 25, 30 கைதான் வரும் மேஜையில் அஞ்சாறு கை மட்டும் ஆடுவது கொட்டாவி விடவைக்கும். மேஜையில் ஆள் குறைந்து நாலைந்து பேர் ஆகிவிட்டால் காத்திருப்பவனை ப்ளைண்டே தின்றுவிடும். அப்போது நானும் கொஞ்சம் கையை அவிழ்க்கிறேன். 2-5 டாலர் மேஜையில் நாலே தடவைதான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யோசித்து ஃபோல்ட் செய்பவர்கள் கண்ணில் பட்டார்கள், மிரட்டல் அங்கே எடுபடலாம். நாலு இரவை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். என் நோட்டில்கூட மாறிய பிறகு 140 மணி நேரம்தான் இருக்கிறது. கணக்கு லாபத்தில் நிற்கிறது, ஆனால் இவ்வளவு குறைந்த நேரத்தில் அதிர்ஷ்டமும் அப்படிக் காட்டும்.

பிளஃப்பை அடியோடு விட்டுவிடவும் இல்லை. ஒரே ஒரு எதிராளி, ஃப்ளாப்பில் ஒன்றோடொன்று ஒட்டாத சீட்டுகள், பாட்டில் 30 என்றால் 15 கட்டிப் பார்ப்பேன். மூன்றில் ஒரு தடவை பலித்தாலே அசல் தேறும். ஜோடியில்லாத கைக்கு ஃப்ளாப்பில் ஜோடி விழுவதும் மூன்றில் ஒரு தடவைதான் என்பதால், இதற்கு அந்தப் பெரியவர்கூடச் சில நேரம் ஃபோல்ட் செய்துவிடுகிறார். கால் செய்துவிட்டால் சரி, டர்னில் செக்.