முன்னால் கடக்கும்போதா, பின்னால் மறையும்போதா?

2004 ஜூன் 8 அன்று பகல் முழுக்க மொட்டை மாடியில்தான் இருந்தேன். சிறிய தொலைநோக்கி வழியாக வெள்ளை அட்டையில் விழுந்த சூரியன் உள்ளங்கை அகலம் இருந்தது. அதன் மேல் கடுகளவு கரும்பொட்டாக வெள்ளிக் கோள் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கடுகு மறைத்தது சூரிய ஒளியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. கோளைப் போர்த்தியிருக்கும் காற்று மறைப்பதோ அதிலும் ஒரு துளி. வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களின் வளிமண்டலத்தை ஆராய்கிறவர்கள் தேடுவது அந்தத் துளியைத்தான். அவர்களுக்கு அட்டையில் விழும் வட்டம்கூடக் கிடையாது. விண்மீன் வெறும் புள்ளி. அதன் ஒளி கூடுவதும் குறைவதும்தான் கையிருப்பு.

அந்தக் கையிருப்பைக் கொண்டு நடக்கும் ஆய்வில் இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. கோள் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது அளப்பது ஒன்று. பின்னால் போய் மறையும்போது அளப்பது மற்றொன்று.

புகழெல்லாம் முதல் வழிக்குத்தான். விண்மீனின் ஒளி கோளின் காற்று வழியாக வடிகட்டி வரும்போது, ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறத்தை விழுங்கிக்கொள்கிறது. 2001இல் ஹப்பிள் தொலைநோக்கி எச்டி 209458பி என்ற கோளில் சோடியத்தைக் கண்டது இப்படித்தான். புறக்கோள் ஒன்றின் வளிமண்டலம் பிடிபட்டது அதுவே முதல் முறை. 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-39பி கோளை நோக்கியபோது, கோள் மறைத்த ஒளியின் வரைபடத்தில் 4.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் கார்பன் டை ஆக்சைடின் மேடு சந்தேகத்துக்கு இடமின்றி எழுந்து நின்றது. அந்த வரைபடத்தை முதன்முதலில் பார்த்த நாள் இன்றும் எனக்கு மறக்கவில்லை. வெப்பத்தில் உப்பிப்போன வாயுக்கோள்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

கோள் சிறியதானால் கதை மாறுகிறது. கே2-18பி கோளில் நீராவி இருப்பதாக 2019இல் உலகெங்கும் செய்தி வந்தது. ஹப்பிள் பார்த்த 1.4 மைக்ரான் பகுதியில் நீராவியும் மீத்தேனும் ஒரே இடத்தில்தான் ஒளியை விழுங்குகின்றன. 2023இல் வெப் இன்னும் அகலமாகப் பார்த்தபோது, தெளிவாகத் தெரிந்தது மீத்தேன். பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டைமெத்தில் சல்ஃபைடின் தடயம் அங்கே இருப்பதாக 2025இல் வந்த அறிவிப்பையும் பல குழுக்கள் மறுத்துவிட்டன. ஆய்வாளர்களிடம் எனக்குக் குறை இல்லை. சமிக்ஞை அவ்வளவு மெலிது; நாம்தான் அதன் தலையில் பெரிய கேள்வியை ஏற்றுகிறோம்.

இதைவிடப் பெரிய தொல்லை விண்மீனிடம் இருக்கிறது. பாறைக் கோள்களை ஆராய வாட்டமானவை சிறிய, மங்கலான செங்குறுமீன்கள். அவற்றின் முகமெல்லாம் கரும்புள்ளிகள். சில புள்ளிகளில் நீராவி இருக்கும் அளவுக்குக் குளிர்ச்சி உண்டு. கோளின் காற்றில் தெரியும் நீர், விண்மீனின் நீராகவும் இருக்கலாம்.

பின்னால் மறையும்போது அளப்பது, பாத்திரத்தோடு எடை போட்டுவிட்டு வெறும் பாத்திரத்தின் எடையைக் கழிக்கிற கணக்கு. மறைவதற்குச் சற்று முன்பு விண்மீன், கோள் இரண்டின் ஒளியும் சேர்ந்து வருகிறது. மறைந்தபின் விண்மீன் மட்டும். கழித்தால் மிஞ்சுவது கோளின் பகல் பக்கத்து வெப்பம். 40 ஒளியாண்டு தொலைவில், டிராப்பிஸ்ட்-1 என்ற செங்குறுமீனைச் சுற்றும் டிராப்பிஸ்ட்-1பி கோளை வெப் இப்படி ஐந்து முறை அளந்தது. 15 மைக்ரானில் கிடைத்த வெப்பம் ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ். கனத்த காற்று இருந்தால் அது வெப்பத்தை இரவுப் பக்கத்துக்கு வாரிக்கொண்டு போயிருக்கும். பகல் பக்கம் நூறு டிகிரியாவது தணிந்திருக்கும். தணியவில்லை. வெறும் பாறை என்று வைத்துப் போட்ட கணக்கோடு அளவு பொருந்தியது. 2023இல் வந்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. என்ன வாயு என்று கேட்பதற்கு முன்னால், காற்று இருக்கிறதா என்று கேட்கிற ஒழுங்கு அதில் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பிறகு 12.8 மைக்ரானில் அளந்தபோது கிடைத்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால், புகைமூட்டம் கொண்ட கார்பன் டை ஆக்சைடு வளிமண்டலம் என்ற விளக்கத்தையும் முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. ஒரே ஓர் அலைநீளத்தை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. மேலும், கோள் சூடாக இருந்தால்தான் இந்த வழி பலிக்கும். அதே விண்மீனை நீர் தங்கக்கூடிய தூரத்தில் சுற்றும் டிராப்பிஸ்ட்-1இ போன்ற மிதமான கோளின் வெப்பம், கழித்தபின் கைக்கு அகப்படாத அளவு சொற்பம்.

விண்மீனை மறைத்துவிட்டுக் கோளையே படம் பிடிக்கும் மூன்றாவது வழியும் உண்டு. எச்ஆர் 8799 என்ற விண்மீனைச் சுற்றும் நான்கு கோள்களைப் போல, இளமையும் வெப்பமும் கொண்டு, விண்மீனை விட்டு வெகுதூரம் தள்ளி இருக்கும் பெரிய கோள்களுக்கு இப்போது அது பயன்படுகிறது. பூமியைப் போன்ற கோள் என்றால், சூரியனைப் போன்ற விண்மீன் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு பிரகாசம். அந்தக் கண்கூச்சத்தை அடக்கும் கருவி வரும்வரை இந்த வழியைப் போட்டியில் சேர்க்க மாட்டேன்.

ஆகவே என் தேர்வு: வாயுக்கோளுக்கு முன்கடப்பு, சூடான பாறைக் கோளுக்கு மறைப்பு. டிராப்பிஸ்ட்-1இ கோளுக்கு முன்கடப்பைத் தவிர வேறு கதி இல்லை. அங்கே விண்மீனின் கரும்புள்ளிகளை எப்படிச் சமாளிப்பது? வெப் குழு ஒன்று டிராப்பிஸ்ட்-1இன் பி, இ கோள்கள் இரண்டும் அடுத்தடுத்துக் கடக்கும் நாட்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அளக்கிறது. பி வெறும் பாறை என்றால், அது கடக்கும்போது நிறமாலையில் (நிறம் நிறமாகப் பிரித்த ஒளியில்) தெரியும் கறை முழுக்க விண்மீனுடையது. அதே நாளில், அந்தக் கறையை இ கோளின் நிறமாலையிலிருந்து கழித்துவிடலாம்.