ஒரே நிறமா, கலவையா? கிறிஸ்துமஸ் மரத்துக்கு எது சரி

கடைகளில் நிற்கும் மரங்களைப் பார்த்தால் பெரும்பாலும் சிவப்பும் தங்கமும்தான். ஒன்றிரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள்ளும் இந்த ஒரே நிறப் பாணியில் பாதி வேலை வாங்கும்போதே முடிந்துவிடும்: இரண்டு நிறப் பந்துகள், ஒரு ரிப்பன், இளமஞ்சள் ஒளி தரும் சீரியல் லைட். பெரிய பந்துகளை உட்கிளைகளிலும் சின்னவற்றை நுனியிலும் மாட்டினால் ஐந்தடி பிளாஸ்டிக் மரம்கூட அடர்த்தியாகத் தெரியும். போட்டோவிலும் நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளை பள்ளியில் செய்த பச்சை அட்டை நட்சத்திரம்? சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கத் தோன்றும். அதுதான் எனக்குப் பிடிக்காத இடம்.

கலவை மரத்தில் பாட்டி காலத்துக் கண்ணாடிப் பந்து, சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த மணி, ஜிகினாச் சரம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பழைய வழக்கமும் இதுதான். ஜெர்மனியின் லவுஷா ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடியை ஊதிப் பழம், கொட்டை என்று விதவிதமாகச் செய்தார்கள். 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் மின்விளக்கு போட்ட மரத்திலும் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருந்தன.

குறை என்னவென்றால், கொஞ்சம் அசந்தால் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும். விளக்கை மட்டும் ஒரே நிறத்தில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் அடங்கிவிடும்.

சவுக்குக் கிளை நடுகிறவர்களுக்கு யோசனையே வேண்டாம். கனமான பந்துகளை அது தாங்காது. காகிதமும் பஞ்சும் கலந்த கலவைதான் சரி. குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் நான் அதையே சொல்வேன். எட்டாத உயரத்தில் கண்ணாடி, கீழே அட்டையும் துணியும்.