கதவுக்குள் மழைத்தண்ணீர்: அடைப்பதா, வழியவிடுவதா?

மழை விட்டு அரை நாள் ஆகியிருந்தது. காரை எடுத்து முதல் பிரேக் போட்டதும் பின்னால் 'சளக்' என்றது. அடுத்த பிரேக்கில் மறுபடி சளக். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருள்கிறது என்று நினைத்துத் தேடினேன், பாட்டிலே இல்லை. வீடு வந்து பின்கதவை வேகமாகத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கதவின் அடிவிளிம்பிலிருந்து செம்பழுப்புத் தண்ணீர் என் செருப்பில் தெறித்தது.

கேட்ட இடமெல்லாம் ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் சிலிக்கான் பசை போட்டு அடைக்கச் சொன்னார் ஒருவர். கண்ணாடியை ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கை மாற்றச் சொன்னார் இன்னொருவர். "அடியில ரெண்டு ஓட்டை போட்டா தீர்ந்துச்சு" என்று டிரில் மெஷினையே கையில் எடுத்துவிட்டார் மூன்றாமவர். ஏற்கனவே அங்கே ஓட்டை இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கார் கதவு தண்ணீரே புகாத பெட்டி அல்ல. கண்ணாடி ஏறி இறங்க வேண்டும் என்றால் அதன் அடியில் ஒரு இடைவெளி இருந்தே தீரும். வெளிப்பக்க ரப்பர் பீடிங் பெரும்பகுதி நீரை வழித்துவிடும். மிச்சம் கண்ணாடியோடு வழிந்து கதவின் உள்ளே இறங்கும். இறங்கியது வெளியேற அடிப்பக்கத்தில் வடிகால் ஓட்டைகள் வைத்திருப்பார்கள். ஆக, தண்ணீர் உள்ளே போவது குறை அல்ல. உள்ளேயே தங்குவதுதான் குறை.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதி யோசனைகள் தானாகவே விழுந்துவிடும். சிலிக்கான் முதலில் விழும். நகரும் கண்ணாடியை எப்படி ஒட்டுவது?

பீடிங் மாற்றுவதை அப்படித் தள்ளிவிட முடியாது. வெயிலில் கிடந்து ரப்பர் காய்ந்து, வெடித்து, கண்ணாடியை விட்டு விலகி நின்றால் உள்ளே இறங்கும் நீர் கூடும். கூடவே தூசியும் இலைத்துணுக்கும் இறங்கும். நாளைக்கு வடிகாலை அடைப்பது அவைதான். ஆனால் புது பீடிங் போட்டாலும் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அடிஓட்டை அடைபட்டிருந்தால், இரண்டு மழையில் நிரம்பிய கதவு நான்கு மழையில் நிரம்பும், அவ்வளவுதான். ரப்பர் நன்றாக இருக்கும்போதே மாற்றுவது வீண் செலவு. கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பாருங்கள். அது ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போனால் பீடிங்கைத் தொட வேண்டாம்.

வடிகாலைச் சுத்தம் செய்வதற்குப் பத்து நிமிடம் போதும், கருவி என்று ஒன்றும் வேண்டாம். கதவைத் திறந்து குனிந்து, அடிவிளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனால் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னத் திறப்புகள் தட்டுப்படும். சில கார்களில் அவற்றின் மேல் ரப்பர் மூடி இருக்கும்; அது ஒட்டிக்கொண்டாலும் வழி அடைந்துவிடும். என் காரில் திறப்பே கண்ணுக்குத் தெரியவில்லை, கறுப்பாக ஒரு கெட்டிப் படலம்தான் இருந்தது. துரு பிடிக்கக் கூடாது என்று காசு கொடுத்து அடியில் அடித்த கோட்டிங் அது! கேபிள் டையின் முனையால் கிளறினேன். முதலில் சேறு, அப்புறம் ஒரு பெருமூச்சு போல 'புஸ்', பிறகு நூல் பிடித்தாற்போலத் தண்ணீர். ஒரு மக் நிறைந்தது.

இதற்கு ஸ்குரூடிரைவர் எடுக்காதீர்கள். ஓட்டையின் விளிம்பில் பெயின்ட் உரிந்தால் துரு அங்கிருந்தே தொடங்கும். மூங்கில் குச்சி போதும். கம்ப்ரசர் காற்றை அடிப்பவர்களும் உண்டு. வேலை சட்டென்று முடியும். ஆனால் கீழிருந்து அடித்தால் குப்பை உள்ளேயே மேலே பறந்து, அடுத்த மழைக்கு அதே இடத்துக்கு வந்து சேரும். குச்சியால் கிளறிவிட்டு, வெளிப்பக்கத்தில் ஜன்னல் கண்ணாடியின் அடியில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மிச்சக் குப்பை தானே வெளியே வரும். ஊற்றியது கீழே சொட்டுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சத்தம் இல்லை, காலடி கார்ப்பெட் மட்டும் ஈரம் என்றால் வடிகாலோடு நிற்காதீர்கள். கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டோ மெல்லிய ஃபோமோ ஒட்டியிருக்கும். கதவுக்குள் தெறிக்கும் நீரைக் காருக்குள் வரவிடாமல் தடுப்பது அதுதான். ஸ்பீக்கர் மாற்றியபோதோ பவர் விண்டோ பழுது பார்த்தபோதோ யாராவது அதைக் கிழித்துவிட்டு, அரைகுறையாக ஒட்டி, மேலே பேடை மாட்டி அனுப்பியிருப்பார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. வடிகால் சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் பேடின் பின்பக்கமாக வழிந்து கார்ப்பெட்டுக்கு வரும்.

ஷீட்டை ஒட்டுவதிலும் இரண்டு கட்சி உண்டு: சிலிக்கானா, பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் டேப்பா? நான் பியூட்டைல் பக்கம். அது காய்ந்து இறுகாது. அடுத்த முறை பிரிக்கும்போது இழுத்தால் வரும், அழுத்தினால் மறுபடி ஒட்டும். சிலிக்கான் இறுகிவிட்டால் பிரிக்கும்போது ஷீட்டும் சேர்ந்து கிழியும். அதிலும் வினிகர் வாசம் அடிக்கும் வகை காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். வெற்று இரும்பில் பட்டால் அரிக்கும். எதைப் போட்டாலும் முதலில் பழைய பிசினைத் துடைத்து, தகட்டை நன்றாகக் காயவிட வேண்டும். இது பொறுமையான வேலை. பேடை இழுக்கும்போது கிளிப் உடையும், சுவிட்ச் வயர்கள் தொங்கும். பழக்கம் இல்லாவிட்டால் கைதேர்ந்தவரிடம் விடுவதே நல்லது.

டிரில் யோசனைதான் எனக்குப் பிடிக்காதது. கம்பெனி வைத்த ஓட்டையின் விளிம்பில் பெயின்ட் இருக்கும். நீங்கள் போடும் ஓட்டையில் வெற்று இரும்புதான் மிஞ்சும், அதுவும் நாள் முழுக்க ஈரம் நிற்கும் இடத்தில். போதாக்குறைக்கு, சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். கதவு நசுங்கும்போது உள்ளே ஏறும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் அது மோதலைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கதவில் கண்ட இடத்தில் ஓட்டை போடக் கூடாது. கிழிந்த ஷீட்டை அப்படியே விடுவதும் அங்கே தப்பு.

ஜன்னலுக்கு மேல் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டையான டோர் வைசர்? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு ஓட்ட உதவும். கண்ணாடி மேல் வழியும் நீரை அது நிறுத்தாது. கார் கவர் போடலாம், நனைந்த காருக்கு மேல் போட்டால் ஈரத்தைப் பொத்தி வைத்ததுதான் மிச்சம்.

மழையே இல்லாத நாளில், ஏசி ஓடிய பிறகு மட்டும் முன்பக்கக் காலடி நனைகிறதா? கதவைக் கழற்ற வேண்டாம், ஏசி தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் குழாயைப் பாருங்கள்.