தி ஐரிஷ்மேன்: துப்பாக்கியை விடப் பெரிய ஆயுதம் ஓய்வூதிய நிதி

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் இந்த 2019 படத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது கொலைகள் அல்ல, பணம் போகும் வழி. லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் சேர்ந்த ஓய்வூதிய நிதி, மாஃபியா கைகாட்டும் ஆட்களுக்கு லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதி கட்டக் கடனாகப் போகிறது. உழைத்தவன் காசில் தாதாவுக்கு மாளிகை!

சங்கத் தலைவர் ஜிம்மி ஹாஃபாவாக அல் பசினோ மேடையில் முழங்கும்போது நானே சந்தா கட்டிவிடுவேன் போலிருந்தது. மாஃபியா தலைவராக வரும் ஜோ பெஸ்கியோ குரலே உயர்த்தாமல் பயமுறுத்துகிறார். நிஜ ஹாஃபா 1975 ஜூலையில் காணாமல் போனவர். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. படம் காட்டுவது, மாஃபியாவின் அடியாளாக இருந்த ஃபிராங்க் ஷீரன் சொன்ன கதை. அதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், ஷீரனாக வரும் ராபர்ட் டி நீரோவின் முகத்தை கம்ப்யூட்டரில் இளமையாக்கியவர்கள் உடம்பை மறந்துவிட்டார்கள். கடைக்காரரை உதைக்கும் காட்சியில் சாட்சாத் தாத்தாதான் தெரிகிறார். அதைக்கூட மன்னிக்கலாம். 209 நிமிடப் படத்தில், அந்த நிதிக்குச் சொந்தக்கார ஓட்டுநர்கள் பெரும்பாலும் கைதட்டும் கூட்டமாகவே வந்து போவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.