எச்சரிக்கை: வேலூரில் 'ஓபன்டபிள்யூஆர்டி போட்டது' என்று விற்கும் பழைய ரூட்டர்கள்

ஓபன்டபிள்யூஆர்டி என்பது ரூட்டரில் கம்பெனி போட்ட மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) பதிலாக ஏற்றும் இலவச மென்பொருள். வேலூர், காட்பாடி பக்கம் பழைய டிபி-லிங்க் ரூட்டரை வாங்கி, "ஓபன்டபிள்யூஆர்டி போட்டது, 16 எம்பி மெமரி, ஸ்பீடு டபுள்" என்று சொல்லி 1,900 ரூபாய்க்கு விற்கிறார்கள். ஒரே கடையிலிருந்து சத்துவாச்சாரியில் ஒரே அபார்ட்மென்ட்டுக்கு வந்த இரண்டு ரூட்டர்களைத் திறந்து பார்த்ததில் தெரிந்த விஷயங்கள் கீழே. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேலை எப்படிச் செய்யப்பட்டது என்பது தெரிந்தால் எந்தக் கடையில் வாங்கினாலும் பிடித்துவிடலாம்.

புகார் வந்தது இப்படி. முதல் வீட்டில் நெட் வந்தால் இரண்டாம் வீட்டில் போய்விடும். அங்கே ரூட்டரை அணைத்துப் போட்டால் இங்கே போய்விடும். கேபிள்காரர் ஓஎன்டியை (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) மாற்றிப் பார்த்தார், ஃபைபரை மறுபடி ஒட்டிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஓஎன்டியும் பிரிட்ஜ் மோடில், அதாவது வருவதை அப்படியே கடத்திவிடும் நிலையில், இருந்ததால் ரூட்டரின் மேக் முகவரிதான் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) நேராக அவருடைய நெட்வொர்க்குக்குப் போகிறது. இரண்டு ரூட்டருக்கும் ஒரே மேக் முகவரி. ஒரே நம்பர் பிளேட்டில் ஓடும் இரண்டு ஆட்டோ மாதிரி. எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் ஸ்விட்ச் மாறி மாறி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒரே மேக் முகவரி எப்படி வந்தது என்பதில்தான் மொத்த மோசடியும் இருக்கிறது. ரூட்டர் போர்டில் எட்டு கால் உள்ள சின்ன ஃபிளாஷ் சிப் ஒன்று இருக்கும். அதில் நான்கு பகுதிகள்: பூட்லோடர் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் சின்ன நிரல்), ஃபர்ம்வேர், உங்கள் செட்டிங்ஸ், கடைசியில் 64 கேபி அளவில் ஆர்ட் என்ற பகுதி. குவால்காம் சிப் உள்ளவற்றில் ஆர்ட் என்றும், மீடியாடெக் சிப் உள்ளவற்றில் ஃபேக்டரி அல்லது ரேடியோ என்றும் பெயர் இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு போர்டையும் தனித்தனியாகச் சோதித்து, அதன் வைஃபை எவ்வளவு பவரில் அனுப்ப வேண்டும், அலைவரிசையை எவ்வளவு திருத்த வேண்டும் என்ற கேலிபிரேஷன் எண்களை இங்கேதான் எழுதுகிறார்கள். மேக் முகவரியும் ஃபிளாஷில்தான், சில மாடல்களில் இதே பகுதியில், பழைய டிபி-லிங்க்கில் பூட்லோடர் பகுதியின் ஓரத்தில். ஃபர்ம்வேரை எப்போது வேண்டுமானாலும் டவுன்லோடு செய்துகொள்ளலாம். இந்த 64 கேபி உங்கள் போர்டில் மட்டும்தான் இருக்கிறது. போனால் போனதுதான், உலகத்தில் வேறு எங்கும் காப்பி கிடையாது.

கடை செய்தது என்னவென்றால், ஒரு ரூட்டரைச் சரியாக அமைத்து, சிஎச்341ஏ புரோகிராமரில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) அதன் சிப்பை முழுசாகப் படித்து, அதே நகலைப் புது 16 எம்பி சிப்களில் எழுதி, மற்ற போர்டுகளில் பழைய 4 எம்பி சிப்பைக் கழற்றிவிட்டு இதைப் பற்றவைத்தார்கள். சில நிமிட வேலை. அந்தந்தப் போர்டின் ஆர்ட் பகுதியை முதலில் படித்து, புதுச் சிப்பின் கடைசி 64 கேபியில் வைத்து, மேக் முகவரியையும் அந்தந்த லேபிள்படி எழுதியிருந்தால் இது நேர்மையான வேலை. அதைச் செய்ய இன்னும் பத்து நிமிடம் ஆகும். செய்யவில்லை. கழற்றிய அசல் சிப்பும் திரும்பக் கிடைக்காது.

இதனால் வந்த கெடுதல் மூன்று. மேக் மோதல் முதலாவது. இரண்டாவது வைஃபை. இன்னொரு போர்டின் கேலிபிரேஷனோடு ஓடுவதால் அடுத்த அறையிலேயே சிக்னல் தொங்குகிறது, போன் இணைவதும் அறுவதுமாக இருக்கிறது. ஆன்டெனாவை மாற்றினாலும் சேனலை மாற்றினாலும் இது தீராது. மூன்றாவது மிக மோசம்: முழுச் சிப்பையும் நகலெடுத்ததால் செட்டிங்ஸ் பகுதியும் கூடவே வந்துவிட்டது. லூசி பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் ஓபன்டபிள்யூஆர்டி செட்டிங்ஸ் பக்கம்) நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ் போய்ப் பார்த்தால் வேறு யாரோ ஒரு வாடிக்கையாளரின் பிபிபிஓஇ (நெட் இணைப்புக்கான லாகின்) யூசர் நேம், பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. அந்த மனிதருக்கு இது தெரியவே தெரியாது. நாளைக்கு உங்கள் ரூட்டரைச் சர்வீசுக்குக் கொடுத்தால் உங்களுடையதும் இப்படி ஊர் சுற்றும். ஆகவே எந்தக் கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும், லூசியில் சிஸ்டம், பேக்கப்/ஃபிளாஷ் ஃபர்ம்வேர் பக்கத்தில் பெர்ஃபார்ம் ரீசெட் கொடுத்த பிறகே கொடுங்கள்.

இனி "16 எம்பி மெமரி" என்ற பேச்சு. அந்த ரூட்டர்கள் டிஎல்-டபிள்யூஆர்841என் வெர்ஷன் 11. அசலில் ஃபிளாஷ் (மென்பொருளைச் சேமித்து வைக்கும் இடம்) 4 எம்பி, ரேம் (ஓடும்போது வேலை செய்யும் இடம்) 32 எம்பி. கடை மாற்றியது ஃபிளாஷை மட்டும். ரேம் அதே 32 தான். ஐந்தாறு போன் இணைந்து யாராவது வீடியோ பார்க்கத் தொடங்கினால் ரேம் தீர்ந்து ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். "ஸ்பீடு டபுள்" என்பது சுத்தப் பொய். அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ், எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் 200 எம்பி பிளான் அதில் முழுசாக வராது.

கடைக்காரர் "64 ஃபிளாஷ்", "128 ஃபிளாஷ்" என்று சொன்னால் நின்று கேளுங்கள். சிப்பின் மேல் உள்ள எண் மெகாபிட் கணக்கு, எட்டால் வகுக்க வேண்டும். டபிள்யூ25க்யூ32 என்றால் 4 எம்பி, க்யூ64 என்றால் 8, க்யூ128 என்றால் 16. ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் 4/32 அளவு (ஃபிளாஷ் 4, ரேம் 32) ரூட்டர்களுக்கு 19.07 வரிசையோடு நிறுத்திவிட்டது. 8/64 கூட இப்போது இழுபறிதான். புதிதாக வாங்குகிறவர்கள் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேமுக்குக் கீழே போக வேண்டாம்.

இந்த இரண்டு ரூட்டரிலும் இருந்தது ஓபன்டபிள்யூஆர்டியின் 18.06 வரிசை. அந்த வரிசைக்குக் கடைசி வெளியீடு 2020 டிசம்பரில் வந்தது. அடுத்த மாதமே, 2021 ஜனவரியில், டிஎன்எஸ்மாஸ்க்கில் (இணைய முகவரிப் பெயர்களைத் தேடித் தரும், ரூட்டருக்குள் ஓடும் நிரல்) டிஎன்எஸ்பூக் என்ற ஓட்டைகள் வெளியாயின. மே மாதம் வைஃபையிலேயே ஃபிராக்அட்டாக்ஸ். இரண்டுக்கும் 18.06-ல் திருத்தம் வரவே இல்லை. வீட்டு நெட்டின் வாசலில் இப்படி ஒன்றை வைத்து, பேங்க் வேலை எல்லாம் அதன் வழியாகப் பார்ப்பது நல்லதில்லை.

ஏற்கனவே வாங்கியிருந்தால் இதைச் சரிபாருங்கள். ஸ்டேட்டஸ், ஓவர்வியூ பக்கத்தில் மாடல், ஃபர்ம்வேர் வெர்ஷன், மொத்த மெமரி மூன்றும் தெரியும். மொத்த மெமரி 27, 28 எம்பி என்று காட்டினால் அது 32 எம்பி ரேம் போர்டு, மீதியைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். இன்டர்ஃபேசஸ் பக்கத்தில் உள்ள மேக் முகவரியை ரூட்டரின் அடியில் ஒட்டிய லேபிளோடு ஒப்பிடுங்கள். கடைசி இலக்கம் ஒன்றிரண்டு கூடக் குறைய இருப்பது சரிதான், லான் (வீட்டுப் பக்கம்), வான் (இன்டர்நெட் பக்கம்), வைஃபைக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். முழுசாக வேறு எண்ணாக இருந்தால் சிப் நகல், அல்லது உங்கள் டப்பாவுக்குள் வேறு போர்டு. 00:03:7எஃப் என்றோ 00:0சி:43 என்றோ தொடங்கினால் ஆர்ட் பகுதி அழிந்திருக்க வாய்ப்பு அதிகம். முதலாவது ஏதிராஸ், இரண்டாவது ராலிங்க் நிறுவனத்துக்கு ஒதுக்கிய எண். வைஃபை மெனுவே லூசியில் இல்லையென்றால் ஆர்ட் வெறுமையாக இருக்கலாம்.

பிறகு சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேஷனில் எஸ்எஸ்எச் கீஸ் பக்கம் (தூரத்திலிருந்து ரூட்டருக்குள் நுழையும் சாவிகள்). நீங்கள் போடாத கீ ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்த இரண்டு ரூட்டரிலும் ஒரு கீ இருந்தது, வான் பக்கத்திலிருந்து 22-ஆம் போர்ட்டைத் திறந்துவிடும் விதி ஒன்று ஃபயர்வால் டிராஃபிக் ரூல்ஸில் இருந்தது. "ரிமோட் சப்போர்ட்டுக்கு" என்று கடையில் சொன்னார்கள். வாங்கியவரிடம் சொல்லாமல், கேட்காமல் வைத்த கதவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், ஸ்டார்ட்டப் பக்கத்தின் லோக்கல் ஸ்டார்ட்டப், டிஎச்சிபி அண்ட் டிஎன்எஸ் பக்கத்தின் ஃபார்வர்டிங்ஸ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தெரியாத ஐபி எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

ரேமும் ஃபிளாஷும் போதுமான ரூட்டர் என்றால் காப்பாற்றலாம். முதல் வேலை, பேக்கப்/ஃபிளாஷ் ஃபர்ம்வேர் பக்கத்தில் சேவ் எம்டிடிபிளாக் கன்டென்ட்ஸ் என்ற இடத்தில் ஆர்ட் அல்லது ஃபேக்டரி பகுதியைத் தேர்ந்து லேப்டாப்பில் இறக்கி வைப்பது. புது ரூட்டருக்கும் ஓபன்டபிள்யூஆர்டி ஏறியவுடன் முதல் வேலை இதுவே. அதன் பிறகு திட்டத்தின் ஃபர்ம்வேர் செலக்டரில் உங்கள் மாடலையும் வெர்ஷனையும் தேடி, சிஸ்அப்கிரேட் கோப்பை இறக்கி, அதன் எஸ்எச்ஏ256 எண் (கோப்பின் கைரேகை மாதிரி) பக்கத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கீப் செட்டிங்ஸ் டிக்கை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். டிக் இருந்தால் கடைக்காரரின் கீயும் கூடவே வந்துவிடும். மேக் முகவரியை இன்டர்ஃபேசஸ் பக்கத்தின் டிவைசஸ் தாவலில் லேபிள்படி மாற்றினால் மோதல் தீரும். கேலிபிரேஷன் மட்டும் தீராது.

வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்கள் லேபிளில் 'வெர்' என்று போட்ட எண்ணை முதலில் பாருங்கள். எண் பெரிதானால் ரூட்டரும் பெரிது என்று நினைக்க வேண்டாம்: 841என் வெர்ஷன் 13-ல் 8/64, அதற்கு அடுத்த 14-ல் திரும்பவும் 4/32. ஆர்ச்சர் சி6 வெர்ஷன் 2-ல் குவால்காம் சிப், வெர்ஷன் 3-ல் மீடியாடெக் எம்டி7621. பெட்டி ஒன்றுதான், கோப்பு வேறு. பிராட்காம் வைஃபை சிப் உள்ள ஏஎக்ஸ் (வைஃபை 6) ரூட்டர்களை இதற்காக வாங்கவே வேண்டாம், திறந்த டிரைவர் கிடையாது. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஓஎன்டியில் "போட்டுத் தர்றோம்" என்று அட்வான்ஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அது பெரும்பாலும் கம்பெனியின் சொத்து, அந்த மாதிரி ஓஎன்டிகளுக்குப் பெரும்பாலும் ஓபன்டபிள்யூஆர்டி கோப்பே இல்லை.

கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து முதல் முறை மாறும்போது ஃபேக்டரி கோப்பு, அதற்குப் பிறகு எப்போதும் சிஸ்அப்கிரேட். லான் கேபிளில்தான் ஏற்ற வேண்டும், வைஃபையில் வேண்டாம். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், எழுதும்போது கரண்ட் போனால் பாதியில் நிற்கும். ஐந்து நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். பிறகு 192.168.1.1, யூசர் ரூட், பாஸ்வேர்டு வெறுமை. வைஃபை முதலில் அணைந்தே இருக்கும், "வைஃபை செத்துப்போச்சு" என்று அந்த நேரத்தில் கடைக்கு ஓடுகிறவர்களிடம்தான் 500, 600 பறிக்கிறார்கள். வயர்லெஸ் பக்கத்தில் நாட்டை இந்தியா என்று வைத்து எனேபிள் கொடுத்தால் போதும். நெட் மட்டும் வரவில்லையென்றால் ஓஎன்டியும் 192.168.1.1-ல் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணில் இருந்தால் ஓடாது, ரூட்டரின் லானை 192.168.2.1 ஆக்குங்கள்.

செட்டிங்ஸ் குழம்பிவிட்டால் ஃபெயில்சேஃப் இருக்கிறது. ரூட்டர் ஆன் ஆகும்போது விளக்கு வேகமாக மினுக்கத் தொடங்கியதும் ரீசெட் பட்டனை அழுத்தினால், லேப்டாப்பில் 192.168.1.2 வைத்து உள்ளே போகலாம். ஃபர்ம்வேரே கெட்டாலும் பல டிபி-லிங்க் மாடல்களில் டிஎஃப்டிபி (லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாகக் கோப்பை எடுக்கும் முறை) மீட்பு உண்டு. ரீசெட்டை அழுத்தியபடி ஆன் செய்தால் பூட்லோடர் 192.168.0.66-ஐ, சில மாடல்களில் 192.168.0.225-ஐத் தேடும். லேப்டாப்புக்கு அந்த ஐபி கொடுத்து, மாடல் பக்கத்தில் சொன்ன பெயரில் கோப்பை வைத்தால் தானே எடுத்துக்கொள்ளும். இதற்கு ஒரு கேபிள் போதும். "போர்டு போச்சு" என்று சொல்லும் கடையில் டிஎஃப்டிபி பார்த்தீர்களா என்று கேளுங்கள். அதுவும் ஆகாவிட்டால் சீரியல் கேபிள்: 3.3 வோல்ட் யூஎஸ்பி டிடிஎல், 115200 வேகம், ஜிஎன்டி, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்று மட்டும். விசிசி காலை இணைக்க வேண்டாம், 5 வோல்ட் அடாப்டர் சிப்பைக் கொன்றுவிடும்.

ஓபன்டபிள்யூஆர்டி இலவசம்தான், ஆனாலும் ஏற்றித் தரும் உழைப்புக்குக் காசு வாங்குவதில் தப்பில்லை. நேர்மையாகச் செய்கிறவருக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் லேபிளையும் திறந்த போர்டையும் படம் எடுங்கள், பில்லில் மாடல், வெர்ஷன், மேக் முகவரி, ஃபிளாஷ், ரேம் அளவு எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

ஏமாந்தவர்கள் முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். பணம் திரும்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் தாங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட ஆணையத்தில் போடலாம். மனுவில் "ரூட்டர் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் தப்பித்துவிடுவார். லேபிளில் உள்ள மேக் இது, ரூட்டர் காட்டும் மேக் இது, 16 எம்பி மெமரி என்று விற்றார்கள், மாற்றியது ஃபிளாஷை மட்டும், ரேம் பழைய 32 எம்பிதான், எனக்குத் தெரியாமல் வெளியிலிருந்து உள்ளே வரும் வழி வைத்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் திரையின் படத்தையும் யூபிஐ ரசீதையும் இணையுங்கள். ரீசெட் கொடுப்பதை அந்தப் படங்களை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.